அலறும் தங்கை, குறட்டை விடும் அண்ணன்

இரவு பத்தரை மணி இருக்கும். ஒன்பது மணிக்குத் தூங்கிய மூன்றரை வயதுக் குழந்தை திடீரென்று எழுந்து உட்கார்ந்து வீறிட்டு அலறுகிறது. கண்கள் அகலத் திறந்திருக்கின்றன, ஆனால் எதிரே இருக்கும் அம்மாவை அது பார்ப்பதாகத் தெரியவில்லை. உடம்பெல்லாம் வியர்வை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. தூக்கி அணைத்தால் திமிறுகிறது, கையைத் தட்டிவிடுகிறது. அம்மாவின் மடியில் இருந்துகொண்டே "அம்மா, அம்மா" என்று கத்துகிறது. விளக்கைப் போட்டாயிற்று, முகத்தில் தண்ணீர் தெளித்தாயிற்று, பக்கத்து வீட்டிலும் ஆள் எழுந்தாயிற்று. பத்து நிமிடம் கழித்து, சாவி கொடுத்த பொம்மை நின்றதுபோல் சட்டென்று அடங்கிப் படுத்துத் தூங்கிவிடுகிறது. காலையில் கேட்டால் அதற்கு எதுவுமே நினைவில்லை.

பெரியவர்களுக்குத்தான் அதற்கு மேல் தூக்கம் வராது. "பிள்ளை எதையோ பார்த்துப் பயந்திருக்கு" என்பார் பாட்டி. மறுநாள் கோயில் பூசாரியிடம் திருநீறு போட்டு வருவார்கள். பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போய் ஓதி ஊதச் சொல்வார்கள். இடுப்பில் தாயத்து ஏறும். ஒரு வாரத்தில் அலறல் நின்றும் போகும்.

அதே இரவில், அதே பாயின் மறுகோடியில் ஐந்து வயது அண்ணன் வாயைத் திறந்தபடி, கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, பெரிய மனிதர்போல் குறட்டை விட்டுக்கொண்டிருக்கக்கூடும். அவனைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. "அப்படியே தாத்தா மாதிரி!" என்று சிரிப்பார்கள். செல்போனில் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போடுவார்கள். விளையாடிக் களைத்த பிள்ளை அசந்து தூங்குகிறான் என்பது எல்லாருடைய முடிவு.

குழந்தைகளின் தூக்கத்தைப் படித்த மருத்துவரிடம் இந்த இருவரையும் காட்டினால், அவர் முதலில் வாயைத் திற என்று சொல்லப்போவது அண்ணனிடம்தான்.

தங்கைக்கு வந்தது "நைட் டெரர்" என்று மருத்துவர்கள் சொல்லும் தூக்க அலறல். இதைப் புரிந்துகொள்ளத் தூக்கத்தின் கட்டுமானம் கொஞ்சம் தெரிய வேண்டும். நல்லவேளையாக அந்தக் கதையும் ஒரு குழந்தையிடம்தான் தொடங்குகிறது. 1951 டிசம்பரில் சிகாகோ பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் யூஜின் அசெரின்ஸ்கி, தன்னுடைய எட்டு வயது மகன் ஆர்மண்டின் தலையிலும் கண்ணோரத்திலும் மின்கம்பிகளை ஒட்டிப் பழைய பதிவு இயந்திரம் ஒன்றோடு இணைத்துத் தூங்க வைத்தார். தூங்கும் மூளை அணைத்து வைத்த விளக்கு என்று நம்பிய காலம் அது. நடு இரவில் இயந்திரத்தின் முட்கள் தாறுமாறாக ஆடின. பையன் விழித்துவிட்டான் என்று நினைத்து உள்ளே போய்ப் பார்த்தால், அவன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். மூடிய இமைக்குள் கண்கள் மட்டும் வேகமாக அசைந்துகொண்டிருந்தன. அவரும் அவருடைய பேராசிரியர் நத்தானியேல் கிளைட்மனும் 1953இல் இதை வெளியிட்டார்கள். கனவுகள் செறிந்த அந்தக் கட்டத்துக்கு 'ரெம்' தூக்கம் என்று பெயர் வந்தது.

தூக்கம் சுற்றுச் சுற்றாகப் போகிறது. ஒரு சுற்று பெரியவர்களுக்குச் சுமார் 90 நிமிடம், கைக்குழந்தைகளுக்கு 50, 60 நிமிடம். இரவின் முதல் பகுதியில் ஆழ்தூக்கம் அதிகம். விடிய விடியக் கனவுத் தூக்கம் கூடும். சிறு குழந்தைகளின் ஆழ்தூக்கம் எவ்வளவு ஆழமானது என்பது, கல்யாண வீட்டு மேளச் சத்தத்துக்கு நடுவில் ஒரு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனவர்களுக்குத் தெரியும். அந்த ஆழத்திலிருந்து மேலே வந்து அடுத்த சுற்றுக்குள் நுழைய வேண்டிய நேரத்தில், சில குழந்தைகளுக்கு மூளையின் ஒரு பகுதி விழித்து மறுபகுதி தூங்கியபடியே நின்றுவிடுகிறது. அலறலும், தூக்கத்தில் எழுந்து நடப்பதும், இந்த அரைகுறை விழிப்பின் இரண்டு முகங்கள். 1968இல் ரோஜர் பிராட்டன் என்ற கனடிய ஆய்வாளர் இவை கனவால் வருபவை அல்ல, ஆழ்தூக்கத்திலிருந்து விழிப்பதில் ஏற்படும் சிக்கல்கள் என்று எடுத்துச்சொன்னார். 2000இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள், தூக்கத்தில் நடக்கும் ஒரு பதினாறு வயதுப் பையனின் மூளை ரத்த ஓட்டத்தை, அவன் நடந்துகொண்டிருந்த நேரத்திலேயே படம் பிடித்தார்கள். உடல் அசைவோடும் உணர்ச்சியோடும் தொடர்புள்ள சில பகுதிகள் சுறுசுறுப்பாக இருந்தன. சூழலை அறிந்து முடிவெடுக்கும் முன்மூளைப் பகுதியில் ரத்த ஓட்டம் குறைந்தே இருந்தது.

ஆகவே அலறும் குழந்தை எதையும் "பார்த்து"ப் பயப்படவில்லை. அம்மா மடியில் இருந்துகொண்டே அம்மாவைத் தேடுவதற்கும், காலையில் ஒன்றும் நினைவில்லாமல் போவதற்கும் காரணம் ஒன்றுதான்: அடையாளம் காண வேண்டிய, நினைவில் வைக்க வேண்டிய பகுதிகள் அந்நேரம் தூங்கிக்கொண்டிருந்தன. அந்தப் பத்து நிமிடத்தில் துன்பப்படுகிறவர்கள் பெற்றோர். குழந்தைக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

கெட்ட கனவு வேறு சங்கதி. அது பெரும்பாலும் பின்னிரவில், கனவுத் தூக்கத்தில் வரும். குழந்தை முழுவதும் விழித்துக்கொண்டு, அம்மாவை அடையாளம் கண்டு ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். "நாய் துரத்துச்சு" என்று கதை சொல்லும். மறுபடி படுக்கத் தயங்கும். கெட்ட கனவு கண்ட பிள்ளையை அணைத்து ஆறுதல் சொல்ல வேண்டும். தூக்க அலறலில் இருக்கும் பிள்ளையை உலுக்கி எழுப்பக் கூடாது. எழுப்ப எழுப்பத் திமிறலும் நேரமும் கூடும். விழுந்து அடிபடாமல் பக்கத்தில் இருந்து, குரலைத் தாழ்த்தி இரண்டு சொல் பேசிக்கொண்டிருந்தால் போதும். தண்ணீர் தெளிக்க வேண்டாம். காலையில் "ராத்திரி என்னடா அப்படிக் கத்தினே?" என்று விசாரிக்கவும் வேண்டாம். தனக்குத் தெரியாமல் தனக்கு ஏதோ ஆகிறது என்ற பயம்தான் அந்தக் கேள்வியால் மிஞ்சும்.

இது எவ்வளவு பரவலானது என்பதற்குக் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1,940 குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு, 2015இல் வெளியானது. ஒன்றரை வயதில் 100க்கு 34 குழந்தைகளுக்குத் தூக்க அலறல் இருந்தது. வயது ஏற ஏற அது குறைந்தது. தூக்கத்தில் நடப்பது பத்து வயதில் உச்சத்தைத் தொட்டது, 100க்கு 13 பேர். பெற்றோர் இருவருக்குமே அந்தப் பழக்கம் இல்லாத குழந்தைகளில் ஏதாவது ஒரு வயதில் தூக்கத்தில் நடந்தவர்கள் 22.5 சதவீதம். ஒருவருக்கு இருந்தால் 47.4, இருவருக்கும் இருந்தால் 61.5. பாட்டியிடம் "அப்பா சின்ன வயதில் எப்படித் தூங்கினார்?" என்று கேட்டுப் பார்க்கலாம். காற்றிலும் கறுப்பிலும் தேடிய காரணம் பல வீடுகளில் அப்பாவின் பிள்ளைப் பருவத்தில் கிடைக்கும்.

பரம்பரை களத்தைத் தயார் செய்கிறது. ஒரு குறிப்பிட்ட இரவில் அலறலைக் கிளப்பிவிடுவது பெரும்பாலும் தூக்கக் கடன். காய்ச்சல், ஊர்ப் பயணம், புது வீடு, நிறைந்த சிறுநீர்ப்பை ஆகியவையும் சேரலாம். நம் ஊரில் எல்.கே.ஜி. சேரும் மாதம் இதற்குத் தோதான காலம். அதுவரை மதியம் இரண்டு மணி நேரம் தூங்கிய பிள்ளைக்கு அந்தத் தூக்கம் போய்விடுகிறது, காலையில் வேன் வருகிறது என்று ஆறரைக்கே எழுப்புகிறார்கள், இரவில் படுக்கும் நேரம் மட்டும் பழையபடி பத்தரை. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வகுத்த அளவுப்படி 3 முதல் 5 வயதுவரை ஒரு நாளில், பகல் தூக்கத்தையும் சேர்த்து, 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். 1 முதல் 2 வயதுக்கு 11 முதல் 14 மணி நேரம். மேலே சொன்ன பிள்ளைக்கு எட்டு மணி நேரம்தான் கிடைக்கிறது. கடனில் இருக்கும் மூளை இரவின் தொடக்கத்தில் இன்னும் ஆழமாக இறங்குகிறது. அங்கிருந்து ஏறி வருவது இன்னும் சிரமமாகிறது. ஒரு மணி நேரம் முன்னால் படுக்க வைப்பதே பல குழந்தைகளுக்கு மருந்து. தினமும் ஒரே நேரத்தில் அலறல் வந்தால், அதற்குக் கால் மணி, அரை மணி நேரம் முன்பு குழந்தையை லேசாகத் தட்டிப் புரண்டு படுக்க வைக்கும் முறையைச் சில வாரங்களுக்குச் செய்து பார்க்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். தாயத்துக் கட்டிய வாரத்தில் அலறல் நிற்பதற்கும் விளக்கம் உண்டு. இவை கொத்தாக வந்து தாமாகவே ஓய்பவை.

இத்தோடு முடிந்தால் தூக்க அலறலைப் பற்றி நிம்மதியாக இருந்துவிடலாம். ஆனால் 2003இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் கில்மினோவும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, இந்தக் கதையைப் பாயின் மறுகோடிக்குத் திருப்புகிறது. அடிக்கடி அலறுகிற, தூக்கத்தில் நடக்கிற 84 குழந்தைகளை அவர்கள் தூக்கப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். 49 பேருக்குத் தூக்கத்தில் மூச்சு சீராக இல்லை. அவர்களில் 43 பேருக்கு டான்சில், அடினாய்டு போன்ற மூச்சுப்பாதைத் தடைகளை அறுவை சிகிச்சையால் நீக்கினார்கள். அந்த 43 பேருக்கும் அலறலும் நடையும் நின்றுபோயின. இவர்கள் தொல்லை முற்றி மருத்துவமனைவரை வந்த குழந்தைகள். எல்லா அலறலுக்கும் இது பொருந்தாது. ஆனால் அலறுகிற குழந்தை குறட்டையும் விடுமானால் குறட்டையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

மூக்கின் பின்புறம் தொண்டையைச் சந்திக்கும் இடத்தில் அடினாய்டு என்ற சதை இருக்கிறது. அதற்குக் கீழே, வாயைத் திறந்தால் இரு பக்கமும் தெரிவது டான்சில். இரண்டும் நோயெதிர்ப்பு வேலை செய்பவை. ஏறக்குறைய 2 முதல் 8 வயதுக்குள் இவை மூச்சுப்பாதையின் அகலத்தோடு ஒப்பிடும்போது மிகப் பெரிதாக இருக்கும். பிறகு பாதை வளரும், சதை சுருங்கும். அடிக்கடி சளி, ஒவ்வாமை என்றால் சதை இன்னும் வீங்கும். விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் பாதையைத் திறந்து பிடித்துக்கொள்கின்றன. தூங்கியதும் அவை தளர்கின்றன. சீராக ஓடும் காற்றுக்கு ஒரு குழாய் தரும் தடை அதன் ஆரத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் மாறும். ஆரம் பாதியானால் தடை இரண்டு மடங்காவதில்லை, 16 மடங்காகிறது. சுண்டுவிரல் அளவுப் பாதையில் ஒரு மில்லிமீட்டர் வீக்கம் என்னவெல்லாம் செய்யும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

சளி பிடித்த வாரத்தில் எல்லாக் குழந்தையும் குறட்டை விடும். அது வேறு. சளி இல்லாத நாட்களிலும் வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் சத்தமாகக் குறட்டை வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடும் நோய் 100 குழந்தைகளில் 1 முதல் 5 பேருக்கு இருப்பதாக அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் கணக்கிடுகிறது. குறட்டைக்கு நடுவில் சத்தம் நின்று, நெஞ்சு மட்டும் ஏறி இறங்கி, பிறகு "ஹக்" என்று இழுத்து மறுபடி தொடங்கினால் அது அடைப்பு. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுபடும். தலையணையை நனைக்கும் அளவு வியர்க்கும். கழுத்தைப் பின்னால் வளைத்தோ, குப்புற முட்டி போட்டோ, உட்கார்ந்த வாக்கிலோ தூங்கும் பிள்ளை தன் பாதையைத் தானே திறந்துகொள்ளப் பார்க்கிறது. இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. குழந்தைகளுக்கு இந்த அடைப்பு கனவுத் தூக்கத்தில்தான் மோசமாகும், கனவுத் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம். இரவு பத்து மணிக்கு எட்டிப்பார்த்து "நல்லாத்தான் தூங்குறான்" என்று வந்துவிட்டால் பாதி கதை தெரியாமல் போகும். நாலரை மணிக்கு ஒருமுறை எழுந்து பார்க்க வேண்டும்.

பகலில் இந்தப் பிள்ளை எப்படி இருப்பான்? தூங்கி வழிவான் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம். தூக்கம் கெட்ட பெரியவர் கொட்டாவி விடுவார். தூக்கம் கெட்ட குழந்தை அடங்காமல் ஆடும். ஓரிடத்தில் உட்காராது, சட்டென்று கோபப்படும், சொன்னதைக் கவனிக்காது. பள்ளியில் "துறுதுறு", "சேட்டை", "கவனக்குறைவு" என்று பெயர் வாங்கும். குறட்டையைப் பற்றி ஆசிரியருக்குத் தெரிய வழியில்லை, வகுப்பறையில் நடப்பது தூக்கத்தோடு தொடர்புடையது என்று வீட்டுக்குத் தோன்றுவதில்லை. இரண்டு செய்தியும் ஒரே இடத்தில் சேராமலே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. இதுதான் இந்த நோயின் ஆகப் பெரிய சோகம்.

உடம்பிலும் அடையாளங்கள் உண்டு. வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பது ஆழ்தூக்கத்தில். இரவெல்லாம் மூச்சோடு மல்லுக்கட்டும் குழந்தை எடை போடாமல் நிற்கலாம். படுக்கையில் சிறுநீர் கழிப்பதை நிறுத்திவிட்ட பிள்ளை மறுபடி தொடங்கலாம். அடைபட்ட பாதைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் உண்டாகும் இழுவிசையால் இதயத்தின் மேலறைகள் விரிகின்றன, உடம்பில் நீர் மிகுந்துவிட்டது என்று தவறாக உணர்ந்து சிறுநீரைக் கூட்டும் ஹார்மோனைச் சுரக்கின்றன. "இவ்வளவு பெரிய பையன் இன்னும்..." என்று வாங்கும் திட்டுக்கு அந்தக் குழந்தையிடம் எந்தக் காரணமும் இல்லை.

1998இல் அமெரிக்காவின் லூசியானாவில் டேவிட் கோசல் என்ற மருத்துவர், முதல் வகுப்பில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கிய 297 குழந்தைகளைப் பரிசோதித்தார். 54 பேருக்குத் தூக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தது, அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு. அவர்களில் 24 குழந்தைகளுக்குப் பெற்றோர் அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சம்மதித்தார்கள். அடுத்த ஆண்டு அந்தக் குழந்தைகளின் சராசரி மதிப்பெண் 2.43லிருந்து 2.87ஆக உயர்ந்தது. சிகிச்சை பெறாதவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். இதைப் படித்ததும் எல்லாரையும் அறுவை மேசைக்கு அனுப்பத் தோன்றும். அப்படி அவசரப்படக் கூடாது என்று 2013இல் வந்த ஆய்வு நிதானப்படுத்துகிறது. 5 முதல் 9 வயதுவரை உள்ள 464 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே அறுவை சிகிச்சை செய்தார்கள், மறுபாதியைக் கண்காணித்துக் காத்திருந்தார்கள். ஏழு மாதத்தில் அறுவை செய்தவர்களில் 79 சதவீதத்தினருக்குத் தூக்கப் பரிசோதனை இயல்பானது. காத்திருந்தவர்களிலும் 46 சதவீதத்தினருக்குத் தானாகவே சரியாயிற்று! கவனத்தை அளக்கும் தேர்வில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நடத்தையிலும், தூக்கத் தொல்லைகளிலும், அன்றாட வாழ்வின் தரத்திலும் அறுவை செய்தவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள்.

லேசான அடைப்பென்றால் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் சில வாரங்கள் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுத்துப் பார்க்கலாம், ஒவ்வாமைக்கு மருந்து தரலாம். கடுமையானதை ஸ்லீப் ஸ்டடி காட்டிவிடும். தலையில், நெஞ்சில், விரலில் உணரிகளை ஒட்டி ஓர் இரவு முழுவதும் மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் பதியும் வலியில்லாத பரிசோதனை அது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை மிக அதிகம் என்பதால், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான்கு வயதுக்குள் இந்தப் பரிசோதனையைச் செய்துவிட வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் பரிந்துரை.

குறட்டையும் இல்லை, அலறலும் இல்லை, ஆனால் இரவில் நாலைந்து முறை எழுந்து அழுகிறது என்பதுதான் கைக்குழந்தை உள்ள வீடுகளின் பெரும் புகார். 1970களில் கலிபோர்னியாவில் தாமஸ் ஆண்டர்ஸ் என்ற மனநல மருத்துவர் தொட்டிலுக்கு மேல் கேமராவைப் பொருத்திக் குழந்தைகளை இரவு முழுவதும் படம் பிடித்தார். "இரவெல்லாம் தூங்கும்" என்று பெற்றோர் சொன்ன குழந்தைகளும் நடுநடுவே விழித்துக்கொண்டுதான் இருந்தன. சில கண்ணைத் திறந்து, விரலைச் சப்பி, தாமாகத் தூங்கிவிட்டன. சில அழுது ஆளைக் கூப்பிட்டன. வேறுபாடு அவ்வளவுதான். தூங்கத் தொடங்கும்போது என்ன இருந்ததோ அதையே நடு இரவிலும் குழந்தை தேடுகிறது. தூளியின் ஆட்டத்தில் தூங்கிய பிள்ளை, ஆட்டம் நின்ற தூளியில் விழித்தால் ஆட்டத்தைக் கேட்கும்.

இதற்காகத் தூளியைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. 2019இல் ஜெனிவா ஆய்வாளர்கள் 18 பெரியவர்களை இரவு முழுவதும் மெல்ல ஆடும் கட்டிலில் தூங்க வைத்தபோது அவர்களுக்கும் ஆழ்தூக்கம் கூடியது. ஆட்டுவதில் ஒரு நுட்பமும் இருக்கிறது. ஜப்பானின் ரிகென் நிறுவனத்தில் குமி குரோடாவின் குழு 21 குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து 2022இல் ஒரு வழி சொன்னது: அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நடக்க வேண்டும், தூங்கியதும் உடனே கீழே விடாமல் ஐந்து முதல் எட்டு நிமிடம் உட்கார்ந்திருந்து, பிறகு படுக்க வைக்க வேண்டும். உடனே கிடத்தியபோது மூன்றில் ஒரு குழந்தைக்கு மேல் விழித்துக்கொண்டது. குழந்தை வளர வளர, இரவு விழிப்பு குடும்பத்தை உருக்குலைக்கிறது என்றால், தூங்குவதற்குச் சற்று முன்பே ஆட்டத்தை நிறுத்தி, தட்டிக்கொடுத்து, பிறகு தட்டுவதையும் குறைத்துப் பழக்கலாம். ஓராண்டு நிறையாத குழந்தையை எப்போதும் மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும். வளர்ந்த பிள்ளைகள் தூளியைச் சுற்றி முறுக்கி விளையாடுவதை ஒரு நொடிகூட அனுமதிக்கக் கூடாது. கழுத்து இறுகி உயிர் போன செய்திகள் தமிழ்நாட்டில் வந்துகொண்டே இருக்கின்றன.

எது "தொல்லை" என்பதே ஊருக்கு ஊர் மாறும். ஜோடி மிண்டெல் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியா உட்பட 17 நாடுகளிலும் பகுதிகளிலும் 29,287 பெற்றோரிடம் கேட்டது. நியூசிலாந்துக் குழந்தைகள் சராசரியாக இரவு 7.28க்கும் ஹாங்காங் குழந்தைகள் 10.17க்கும் படுத்தன. தன் குழந்தைக்குத் தூக்கப் பிரச்சினை இருக்கிறது என்றவர்கள் தாய்லாந்தில் 11 சதவீதம், சீனாவில் 76 சதவீதம். பெற்றோருடன் ஒரே பாயில் படுப்பது ஆசியாவில் பெருவழக்கு. அதை நோய்ப் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை.

வெளிச்சத்தை மட்டும் சேர்க்கலாம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 3 முதல் 5 வயதுவரை உள்ள பத்துக் குழந்தைகளைப் படுக்கும் முன் ஒரு மணி நேரம் பிரகாசமான வெளிச்சத்தில் விளையாட விட்டுப் பார்த்தார்கள். தூக்க வேளையை உடலுக்குச் சொல்லும் மெலட்டோனின் ஹார்மோன் ஏறக்குறைய 88 சதவீதம் குறைந்தது. விளக்கை அணைத்து 50 நிமிடம் ஆன பிறகும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது மீளவில்லை. சின்னக் கண்ணின் பாவை பெரியது, வில்லை தெளிவானது; வெளிச்சம் தங்குதடையில்லாமல் உள்ளே போகிறது. பத்து மணிவரை டியூப்லைட் எரியும் கூடத்தில், கையில் செல்போனோடு சோறு ஊட்டப்படும் பிள்ளைக்கு "தூக்கமே வரமாட்டேங்குது" என்று மருந்து தேட வேண்டியதில்லை.

மருந்து என்றதும் சொல்லியாக வேண்டிய ஒன்று. தூங்கட்டும் என்று சளி சிரப் ஒரு மூடி கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ரயில் பயணத்துக்கென்றே வாங்கி வைப்பவர்களும் உண்டு. தூக்கம் வரவைக்கும் புரோமெத்தசின் சிரப், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் மூச்சையே நிறுத்தியிருக்கிறது. அமெரிக்க மருந்துத் துறை 2004இல் அதற்குக் கடும் எச்சரிக்கை விதித்தது. குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. மெலட்டோனின் சொட்டு மருந்தும் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே.

சில காரணங்கள் எளியவை, ஆனால் கண்ணில் படாதவை. படுத்ததும் காலை உதறிக்கொண்டே இருக்கும், "கால் குடையுது, அமுக்கிவிடு" என்று கேட்கும் பிள்ளைக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம். மூளையில் டோபமின் தயாராக இரும்பு வேண்டும். ரத்தத்தில் ஃபெரிட்டின் அளவு 50க்குக் கீழே இருந்தால் இரும்பு மருந்து கொடுத்துப் பார்ப்பது தூக்க மருத்துவத்தில் வழக்கம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 குழந்தைகளில் 57 பேருக்கு ரத்தசோகை என்பதை நினைத்தால், இந்தச் சோதனை இன்னும் அதிகமாகக் கேட்கப்பட வேண்டும். இரவில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு எழும் குழந்தைக்குக் கீரிப்பூச்சி. பெண்புழு வெளியே வந்து முட்டையிடுவது இரவில்தான். காதுவலி, தோல் கரப்பான், ஆஸ்துமா இருமல் ஆகியவையும் இருட்டில்தான் அதிகம் படுத்தும்.

அலறல்போலவே தோன்றி, அலறலாக இல்லாத ஒன்றும் உண்டு. தூக்கத்தில் வரும் ஒருவகை வலிப்பு. தூக்க அலறல் பெரும்பாலும் ஓர் இரவுக்கு ஒருமுறை, பல நிமிடம் நீடிக்கும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். இந்த வலிப்பு ஓர் இரவில் பலமுறை வரலாம், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அச்சில் வார்த்ததுபோல் ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும்: கை விறைக்கும், வாய் ஒரு பக்கம் கோணும், எச்சில் வழியும். பகலிலும் அப்படி ஏதாவது நடந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்கக் கூடாது. கைக்குழந்தை மூச்சு விடாமல் இருந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். பத்து வயதைத் தாண்டியும் அலறல் தொடர்ந்தாலும், தூக்கத்தில் நடக்கும் பிள்ளை மாடிப்படிவரை போனாலும், பேச்சோ வளர்ச்சியோ தாமதமான குழந்தை இரவெல்லாம் விழித்திருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குழந்தைக்கு ஒன்றுமில்லை, ஆனால் மாதக்கணக்கில் தூங்காத அம்மாவுக்கு அழுகை அழுகையாக வருகிறது என்றால் அதுவும் போய்ச் சொல்ல வேண்டிய காரணம்தான்.

போகும்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கிடக்கும் அந்தக் குறட்டை வீடியோவையும் எடுத்துக்கொண்டு போகலாம். பகலில் மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் இரவின் தடயம் ஒன்றும் இருக்காது. பழைய வீடியோ முகத்தை மட்டும் காட்டினால் இன்னொன்று எடுக்கலாம்: விடியற்காலை நாலு, நாலரை மணிக்கு, சட்டையைக் கழற்றிவிட்டு, வாயும் நெஞ்சும் வயிறும் ஒன்றாகத் தெரியும்படி, மின்விசிறியை ஒரு நிமிடம் நிறுத்திச் சத்தம் தெளிவாகக் கேட்கும்படி, இரண்டு நிமிடம்.